உம்மணாமூஞ்சி போட்ட குறி

அன்று காலை எங்கள் வாசலில் நின்றவர்கள் ஆறு பேர். அப்பா, அம்மா, பிரசவத்துக்கு வந்திருந்த அக்கா, சித்தப்பா, சித்தி, நான். அக்கா வயிற்றில் இருந்ததையும் சேர்த்தால் ஏழு. யாரையாவது விட்டுவிட்டேனா என்று இன்றைக்கும் எண்ணிப் பார்க்கிறேன். இன்னொரு ஆள் கிடைத்தால் பழியில் கொஞ்சம் அவர் பக்கம் தள்ளலாமே என்ற அற்ப ஆசைதான்.

சித்திக்கு மாமல்லபுரத்தில் ஒரு லாட்ஜில் அறை கூட்டும் வேலை. யாரோ வெள்ளைக்காரர் விட்டுப்போன படக்கதைப் புத்தகத்தை முழுதும் புரட்டிப் பார்த்துவிட்டு எனக்குக் கொண்டுவந்து கொடுத்தாள். பேய்களை வெட்டிச் சாய்க்கும் கதை. இங்கிலீஷ் எனக்கு வராது. படத்தை மட்டும் பார்ப்பேன். கதாநாயகனைவிட அவன் பின்னால் நிற்கும் ஒருவன்தான் எனக்குப் பிடித்துப்போனான். சிரிக்கவே மாட்டான். உம்மணாமூஞ்சி என்று அவனுக்குப் பெயர் வைத்தவளும் சித்திதான். தன் ரத்தத்தைத் தொட்டுக் கதவில் ஒரு கண்ணும், கீழே மூன்று கோடும் போடுவான். பேய் அந்த வீட்டை அண்டாது. கடைசிப் பக்கம் முழுக்க அவன் முகம், உதடுகள் இறுக மூடியபடி. வாயைத் திறக்காதவனே வீரன் என்று நான் முடிவுகட்டிக்கொண்டேன்.

அக்காவுக்கு முன்பு ஒன்று கலைந்திருந்தது. இதற்கும் ஏதாவது ஆகிவிடுமோ என்று எனக்கு ஒரே பயம். எல்லோரும் சீரியலில் மூழ்கியிருந்த நேரம் பார்த்து, மஞ்சளில் சுண்ணாம்பைக் குழைத்துச் சிவப்பாக்கி, வாசல் கதவில் அந்தக் கண்ணைப் போட்டேன்.

காலையில் தண்ணீர் தெளிக்கப் போன அம்மா கத்திய கத்தலில் அக்கா வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். செய்வினை என்றார் அப்பா. முந்தின நாள் வந்துபோனவள் சித்தி ஒருத்திதான். கல்யாணமாகி ஒன்பது வருஷமாகியும் பிள்ளை இல்லாதவள். போன் போட்டு அவளையும் சித்தப்பாவையும் வரவழைத்தார்கள்.

"புள்ளத்தாச்சி கீற வூட்ல உனக்கு இன்னா வேல?" என்றாள் அம்மா.

"நெத்திலி குடுக்க வந்தேங்கா."

"அப்போ இது இன்னா?"

சித்தி கதவைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். என் விரலிடுக்கில் சிவப்பு இன்னும் போகவில்லை. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, உதட்டை இறுக்கி, உம்மணாமூஞ்சியாகவே நின்றேன்.

"யாரு பண்ணதுன்னு சொல்லுடி!"

"நான் பண்ணலக்கா. அத மட்டுந்தான் சொல்ல முடியும்."

"அப்போ கற்பூரத்த அணைச்சிட்டுப் போ."

சித்தப்பா தரையையே பார்த்துக்கொண்டிருந்தார். அம்மா படியில் கொளுத்திவைத்த கற்பூரத்தைச் சித்தி வலது உள்ளங்கையால் அழுத்தி அணைத்தாள். அப்படியும் அம்மா நம்பவில்லை. அந்த மாதமே சித்தியும் சித்தப்பாவும் அச்சரப்பாக்கத்துக்குக் குடிபோனார்கள். அக்காவுக்குப் பையன் நல்லபடியாகப் பிறந்தான். சித்தியை யாரும் கூப்பிடவில்லை.

எட்டாவதோடு படிப்பை விட்டுவிட்டு, கேளம்பாக்கத்தில் ஏசி ரிப்பேர் கடையில் சேர்ந்தேன். கூட வேலை பார்த்தவனிடம் ஒருநாள் அந்தப் புத்தகத்தைக் காட்டினேன்.

"இன்னா மச்சான், பின்னாலேர்ந்து பாத்துகினு கீற? ஜப்பான் புக்குடா இது. அந்தப் பக்கத்துலேர்ந்து வரணும்."

நான் கடைசி என்று நினைத்ததுதான் முதல் பக்கம். உம்மணாமூஞ்சி வாயை மூடி நிற்பதில் கதை தொடங்குகிறது. குறி போட்டவள் இவள்தான் என்று ஊரார் ஒரு பெண்ணை இழுத்துவருகிறார்கள். கடைசியில் கூட்டத்தின் நடுவே வந்து நின்று அவன் வாயைத் திறக்கிறான்.

"இதுல இன்னா சொல்றான்?" என்று கேட்டேன்.

"நான்தான் போட்டேன்றான்பா."

அந்த இரண்டு வார்த்தையைச் சித்தியிடம் நான் இன்னும் சொல்லவில்லை. போனை எடுப்பேன், நம்பரைப் பார்ப்பேன், வைத்துவிடுவேன்.

அன்று காலை வாசலைவிட்டுக் கிளம்பும்போது என் தலையைத் தடவிவிட்டுத்தான் போனாள், இடது கையால். பீச்சாங்கையால் தொடுகிறாளே, என்மேல் அவ்வளவு கோபமா என்று அன்றைக்கு முழுதும் அழுதுகொண்டிருந்தேன்.