முத்து நிற மட்கார்டு

என் கையெழுத்தைப் பார்த்துச் சிரிக்காதீர்கள். நாலாம் வகுப்போடு நின்றவன். எந்த இடத்தில் எந்த ‘ர’ என்று இன்றும் தடுமாறுவேன். எழுத்தில் பிழை இருந்தால் நீங்களே திருத்திக்கொள்ளுங்கள். விஷயத்தில் பிழை இல்லை.

இன்று காலை மனைவி பாசாரிலிருந்து ஒரு சீப்பு பீசாங் மாஸ் வாழைப்பழம் வாங்கி வந்தாள். நன்றாகப் பழுத்துத் தோல் கறுத்த பழம். அந்த வாசனை மூக்கில் ஏறியதும் எனக்குப் பெயிண்ட் ஞாபகம்தான் வந்தது. அந்தக் காலத்தில் காருக்கு அடிக்கிற லாக்கர் பெயிண்டுக்கு அதே வாசனை. யுத்தத்துக்கு முந்தி, பினாங் ரோட்டுக்குப் பின்னால் ஒரு சந்துப் பட்டறையில் நான் பெயிண்ட் அடித்துக்கொண்டிருந்தேன். வேலை முடிந்து டிராமில் ஏறினால், பக்கத்தில் இருப்பவர் என் மடியில் பழம் இருக்கிறதா என்று பார்ப்பார். அந்தக் கூச்சத்திலேயே பல நாள் நடந்து வீடு சேர்வேன்.

அன்றைக்குக் கார் என்றால் பெரும்பாலும் கறுப்பு. கறுப்பால் தொல்லை இல்லை. எந்தப் பக்கம் நின்று பார்த்தாலும் கறுப்புதான். ஆனால் அரிசி மில் வைத்திருந்த ஒரு சீன முதலாளி, தவுக்கே என்போம், மனைவியின் முத்துத் தோட்டைக் காட்டி, அதே நிறத்தில் சீமையிலிருந்து ஒரு கார் வரவழைத்திருந்தார். மீன் செதிலிலிருந்து மினுக்கை எடுத்து அந்தப் பெயிண்டில் சேர்க்கிறார்கள் என்று எங்களை வேலை வாங்கும் மண்டோர் சொன்னார். அதை நம்பி நான் சௌராஸ்தா மார்க்கெட்டில் செதில் வாங்கி அரைத்துப் பார்த்தேன். மினுக்கு வரவில்லை. தெருப் பூனையெல்லாம் என் பின்னால் வந்தது.

அந்தக் காரை ஓட்டியவர் பாகான் டாலாம் ஊர்க்காரர் அருளப்பன். நல்ல உயரம், வெள்ளைச் சட்டை, கறுப்புத் தொப்பி. ஒருநாள் படகுத்துறை ஜெட்டியில் நிறுத்தியிருந்த காரை ஒரு மாட்டுவண்டியின் சக்கரம் உரசி, இடப்பக்க மட்கார்டு நசுங்கிவிட்டது. அப்போது அவர் தவுக்கேயின் பெட்டியை இறக்கப் படகுக்குப் போயிருந்தார். தவுக்கே நம்பவில்லை. குடித்துவிட்டு எங்கேயோ மோதியிருக்கிறாய் என்றார். “இந்த அடி என் கண்ணில் படுகிறவரைக்கும் நீ குடிகாரன்தான். அடையாளம் தெரியாமல் செய்துகொண்டு வா. இல்லையென்றால் சாவியைக் கொடுத்துவிட்டுப் போ.”

“தம்பி, என் சோறு இப்ப உன் கையிலதான் இருக்குலா” என்றார் அருளப்பன் என்னிடம். சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

தகரத்தைத் தட்டி நேராக்குவது எளிது. அந்த நிறம்தான் என்னைப் பைத்தியமாக்கியது. ஈரமாக அடித்தால் மினுக்கு உள்ளே அமுங்கி இருளும். உலர்வாக அடித்தால் மேலே மிதந்து வெளுக்கும். கொட்டகைக்குள் பொருந்தியது வெயிலுக்கு வந்தால் பொருந்தாது. நேராக நின்றால் ஒரே நிறம். நாலடி தள்ளி நின்றால் அரிசிக்குள் கல் மாதிரி தனியாகத் தெரியும். சுரண்டிவிட்டு மறுபடி அடித்தேன். அதையும் சுரண்டினேன்.

தவுக்கே வந்தார். வெயிலில் நின்ற காரைச் சுற்றினார், குனிந்தார், கண்ணைச் சுருக்கினார். தெரிகிறது என்றார்.

“இன்னொரு தடவை அடிச்சிரலாம் தவுக்கே” என்று மண்டோர் கையைப் பிசைந்தார்.

தவுக்கேயும் கெட்டவர் அல்ல, களைத்துப்போயிருந்தார். அருளப்பனைப் பார்த்து மலாயில் சொன்னார்: “குடித்தேன் என்று ஒரு வார்த்தை சொல். மன்னித்துவிடுகிறேன். வேலையும் இருக்கும், இதுவும் இப்படியே இருக்கட்டும்.”

மண்டோர் அருளப்பன் முழங்கையை இடித்தார். “சொல்லிருய்யா. வாயில இருந்து வர்றதுதானே, காசா பணமா? புள்ளைங்கள நெனச்சுக்க.”

அருளப்பன் என் பக்கம் திரும்பினார். “தம்பி, உண்மையச் சொல்லு. இன்னொரு தடவ அடிச்சா வருமா?”

பட்டறையே என் வாயைப் பார்த்தது. நாலு பேர் முன்னால் நான் வாய் திறக்கிறவன் இல்லை. ஆனாலும் சொன்னேன். “வராதுண்ணே. கிட்ட வரும். அதே வராது.”

“வாயில்லாப் பூச்சி இன்னிக்குத்தான் பேசணுமா!” என்று மண்டோர் பல்லைக் கடித்தார்.

அருளப்பன் தலையாட்டினார். தொப்பியைக் கழற்றினார், தூசியைத் தட்டினார், நான் பெயிண்ட் அடித்த இடத்தின்மேல் பதவிசாகக் கவிழ்த்து வைத்தார். சாவியைப் பக்கத்தில் வைத்தார்.

“சூடா ஹிலாங், தவுக்கே.” மறைந்துவிட்டது, தவுக்கே.

வெறும் தலையோடு வெயிலில் நடந்து போனார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிப் பார்த்தேன், முடியவில்லை, பெரிதாகவே சிரித்தேன். அதற்காக மாதக் கடைசியில் என்னையும் நிறுத்தினார்கள். இன்றைக்கு நடந்தாலும் சிரிப்பேன்.

யுத்தம் வந்ததும் ஜப்பான்காரன் அந்தக் காரை எடுத்துக்கொண்டான். பாடாங் மைதானத்துப் பக்கம் ஒருநாள் பார்த்தேன். லாரிக்கு அடிக்கிற பச்சையைத் தூரிகையால் பூசியிருந்தார்கள். என் மட்கார்டும் மற்றதும் எந்தப் பக்கம் நின்று பார்த்தாலும் ஒரே நிறம். அப்படி ஒரு பொருத்தம் எனக்கு வேண்டியதில்லை. பிறகு காரும் போயிற்று, பட்டறை இருந்த இடம் குண்டில் போயிற்று, டிராமும் போய்விட்டது. தவுக்கே பேரைச் சொன்னால் இன்று பாதிப் பேருக்குத் தெரியாது.

அருளப்பண்ணன் இருக்கிறார். லாரி ஓட்டிப் பிள்ளைகளை ஆளாக்கிவிட்டார். மாதா கோயில் பூசை முடிந்து இப்போதுதான் வந்து போனார். தலையெல்லாம் வழுக்கை, வெயிலில் செம்பு மாதிரி மின்னுகிறது. போன கிறிஸ்துமஸுக்கு நான் வாங்கிக் கொடுத்த தொப்பி வீட்டு ஆணியில் அப்படியே தொங்குகிறதாம்.

“என்னத்த மறைக்கறதுக்குத் தம்பி?” என்கிறார்.

12 ஆகஸ்டு 1951, ஞாயிறு.