பாயான் பாருவில் ஒரு காந்த வைத்தியம்

சென்ற வாரம் ஒரு வாசகர் கேட்டிருந்தார்: "அம்மாவுக்குப் புற்றுநோய். காந்த நானோ துகள் சிகிச்சை என்று எங்கோ படித்தேன். பினாங்கில் கிடைக்குமா? நீங்கள் அடிக்கடி போகிறவராயிற்றே." நான் பினாங்குக்குப் போவது பெரும்பாலும் சாப்பிடத்தான். ஆனால் ஒரே ஒரு முறை ஏறக்குறைய அந்தச் சிகிச்சைக்காகவே போனேன். 1996, ஆகஸ்ட் பள்ளி விடுமுறை. இத்தனை நாள் அதைப் பற்றி எழுதாததற்குக் காரணம் வெட்கம்தான்.

அப்போது தைப்பிங்கில் ஒரு பள்ளிக்கூடத்தில் கிராணி வேலை எனக்கு, அதாவது குமாஸ்தா. அக்கா பரமேஸ்வரிக்கு நாற்பத்தெட்டு வயது, இடது மார்பில் கட்டி. பினாங்கின் ஜார்ஜ் டவுனில் ஒரு மருத்துவமனையில் வெள்ளிக்கிழமை காலை எட்டு மணிக்குச் சேர வேண்டும். மார்பை எடுத்துவிடப் போகிறார்கள். அத்தானுக்கு விடுப்புக் கிடைக்கவில்லை, அதனால் துணைக்குத் தங்கை நான். ஆனால் அக்காவின் கைப்பையில் இன்னொரு முகவரியும் இருந்தது. அதே தீவின் தெற்கே பாயான் பாருவில் ஒருவர் காந்தத்தால் கட்டியைக் கரைக்கிறார் என்று கோவிலில் யாரோ எழுதிக் கொடுத்திருந்தார்கள்.

"ஒரு நாள் முன்னாலயே போவோம். சும்மா பார்த்துட்டு வருவோம்லா" என்றாள். நானும் தலையாட்டினேன்.

வியாழன் காலை ஒன்பதரைக்குத் தைப்பிங்கில் பஸ். பட்டர்வொர்த் தொண்ணூறு கிலோமீட்டர், ஐந்து வெள்ளி (ரிங்கிட்), இரண்டு மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவு. அங்கிருந்து தீவுக்குக் கடல் கடக்க ஃபெரிக்கு அறுபது காசு, இருபது நிமிடம். திரும்பி வர டிக்கெட் வாங்க வேண்டாம். கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலையில் முப்பத்தெட்டு வெள்ளிக்கு இரட்டைக் கட்டில் அறை எடுத்து, பைகளைப் போட்டுவிட்டு டாக்சி பிடித்தோம்.

"பாயான் பாரு தூரம்லா அக்கா, பதினாறு கிலோமீட்டர். இருபது வெள்ளி" என்றார் டிரைவர். பதினைந்துக்குப் பேசி முடித்தேன். எந்த வீடு என்று சொன்னதும் கண்ணாடியில் அக்காவை ஒரு முறை பார்த்தார்.

இரண்டரைக்குப் போய்ச் சேர்ந்தோம். வெளியே நல்ல வெயில். தேவா என்கிற அந்த மனிதருக்குத் தொழிற்சாலையில் இரவு ஷிஃப்ட் என்பதால் வீட்டுக்குள் எல்லாத் திரையும் இழுத்து மூடியிருந்தது. சத்தமில்லாமல் தொலைக்காட்சி ஓடியது. செய்தி வாசிக்கும் பெண்ணின் முகத்தில் பாதி பச்சை, பாதி ஊதா. "காந்தத்தைப் பக்கத்துல வச்சுட்டேன்கா. இனிமே அது அப்படித்தான்" என்றார். நாற்பது வயதிருக்கும். குரலை உயர்த்தாதவர். கம்ப்யூட்டர் ஹார்ட் டிஸ்க் செய்யும் இடத்தில் டெக்னீசியன்.

சாசர் ஒன்றில் கருப்பாக எதையோ ஊற்றினார். எஞ்சின் எண்ணெய் போலத்தான் கிடந்தது. அடியில் காந்தத்தைக் கொண்டுபோனதும் அது எழுந்தது. டுரியான் தோல் மாதிரி முழுக்க முள். காந்தம் நகர நகர முட்களும் சாசருக்குள் நடந்தன.

"அவ்வளவும் இரும்புத்தூள்கா, கண்ணுக்குத் தெரியாத சைஸ். டிஸ்க்குக்குள்ள தூசி போகாம அடைக்கிறதுக்கு யூஸ் பண்றது. இதைக் கட்டிக்குள்ள அனுப்பி, வெளியில காந்தத்தால பிடிச்சு வச்சு, சூடு பண்ணினா கட்டி மட்டும் வெந்துடும். வெளிநாட்டுல டாக்டருங்க ட்ரை பண்றாங்க. எங்கம்மாவும் இந்த நோயிலதான் போனாங்க."

வெளிநாட்டைப் பற்றி அவர் சொன்னது பொய்யில்லை என்று பிற்பாடு தெரிந்துகொண்டேன். அங்கே அது மருந்தாகத் தயாரிக்கப்பட்டது. இவரிடம் இருந்ததோ தொழிற்சாலை எண்ணெய்.

அக்காவை நாற்காலியில் உட்காரவைத்து, செங்கல் அளவு காந்தம் ஒன்றை மார்புக்கு எதிரே பிடித்தார். மணி மூன்று. சேலைக்கு மேல் கிடந்த தாலிக்கொடி மெல்ல நகர்ந்தது. பிறகு மேலே எழும்பிக் காற்றில் நின்றது. யாரும் தொடவில்லை.

"இழுக்குது... உள்ள இருக்கிறதை இழுக்குதுடி!" என்று அக்கா அழுதாள், உடனே சிரித்தாள்.

தங்கத்தைக் காந்தம் இழுக்காது. ஆனால் நம் பெண்கள் எல்லோரையும் போல அக்காவும் அவசரத்துக்கு ஆகட்டும் என்று தாலிக்கொடியில் மூன்று ஊக்குகளைக் கோத்து வைத்திருந்தாள். இழுபட்டது அந்த இரும்புதான். எனக்குத் தெரிந்தது. தேவாவைப் பார்த்தேன். அவருக்கும் தெரிந்திருந்தது. அவர் பார்வையைத் தொலைக்காட்சிப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

தண்ணீர் குடிக்கச் சமையலறைக்குப் போனேன். அங்கே நின்றிருந்த தேவாவின் மனைவி நைட்டியின் கையை மேலே ஏற்றினாள். முழங்கைக்குக் கீழே சாம்பல் நிறத்தில் ஒரு திட்டு.

"ஊசியில போட்டுப் பார்த்தாரு அக்கா, சேஃபா இல்லையான்னு. மூணு மாசமாச்சு" என்று கிசுகிசுத்தவள், ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டியிருந்த காந்தத்தை எடுத்து அதன்மேல் பிடித்தாள். தோல் லேசாக மேலெழுந்தது. "உங்க அக்காவுக்கு வேணாம்" என்றாள்.

சனிக்கிழமை வந்தால் ஊசி போடலாம் என்று தேவா சொல்லி அனுப்பினார். நாலரைக்கு விடுதி வாசலில் இருந்த பொதுத் தொலைபேசியில் அக்கா மருத்துவமனையைக் கூப்பிட்டு, படுக்கை வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். சில்லறை கொடுத்தது நான். அன்று அக்கா நாசி கண்டார் சோற்றுக் கடையில் ஒரு தட்டு முழுக்கச் சாப்பிட்டாள், இரண்டு மாதத்தில் முதல் தடவையாக. அந்த முகத்தைப் பார்த்து எப்படிச் சொல்வேன்? முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தேன்.

மறுநாள் காலை ஏழு மணிக்கு, சாமிக்கு நன்றி சொல்லக் கோவிலுக்குப் போகலாம் என்று புறப்பட்டு நின்றாள். அதற்கு மேல் தாங்கவில்லை. ஊக்குகளைப் பற்றியும் அந்தப் பெண்ணின் கையைப் பற்றியும் சொன்னேன். அக்கா கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள்.

"அங்கயே பார்த்தியா?"

"ஆமா."

"போன் பண்ணும்போது வாயில கொழுக்கட்டையா வச்சிருந்த?"

எட்டேகாலுக்கு மருத்துவமனையில் இருந்தோம். படுக்கையை வேறொருவருக்குக் கொடுத்திருந்தார்கள். அடுத்த தேதி ஆறு வாரம் தள்ளி. அன்றைய ஃபெரியில் அக்கா என் பக்கத்தில் உட்காரவில்லை. ஆறு வாரம் கழித்து அறுவை சிகிச்சை நடந்தது. இரண்டு வருடத்தில் போய்விட்டாள். முன்பே செய்திருந்தாலும் இப்படித்தான் ஆகியிருக்கும் என்று டாக்டர் சொன்னார். சில நாள் அதை நம்புகிறேன்.

கேட்ட வாசகருக்கு: காந்தத் துகள் ஆராய்ச்சி நிஜமானதுதான். ஆனால் அதை அம்மாவின் டாக்டரிடமே கேளுங்கள், வீடுகளில் தேடாதீர்கள். எங்கே போவதாக இருந்தாலும் மருத்துவமனைத் தேதியை மட்டும் விட்டுவிடாதீர்கள். தங்குவதற்குப் பள்ளிவாசல் பக்கம் இன்னும் மலிவுதான். நோயாளியோடு துணைக்குப் போகிறவருக்கு வேலை பை தூக்குவது மட்டுமல்ல. கண்ணில் பட்டதை அந்த இடத்திலேயே சொல்லிவிட வேண்டும். நான் பதினாறு மணி நேரம் கழித்துச் சொன்னேன்.