ஐந்தாம் பக்கம் பார்க்க

காலை ஏழு மணிக்கு நான் ஒரு வானொலி நிலையம். நேயர் ஒரே ஒருவர், கர்நாடகத்து எல்லைக் கிராமமான கௌதள்ளியில் விவசாயம் பார்க்கும் என் அண்ணன். கன்னடம் சரளமாகப் பேசுவார். படிப்பதென்றால் எழுத்துக் கூட்டி முடிப்பதற்குள் செய்தி பழசாகிவிடும். அதனால் மைசூரில் ஹெப்பாள் தொழிற்பேட்டைக்குப் போகும் கம்பெனி பஸ்ஸுக்காக நிற்கும் நேரத்தில், கன்னடப் பத்திரிகையை நான் போனிலேயே தமிழில் படித்துச் சொல்வேன். பஸ் முனையில் திரும்பியதும் ஒலிபரப்பு முடிந்துவிடும்.

போன வருஷம் மழைக்கால ஆரம்பத்தில் முதல் பக்கத்தை அடைத்துக்கொண்டு ஒரு தலைப்பு: 'பருவநிலை மாற்றம் பொய்! பழைய மழை திரும்பிவிட்டது!' மைசூரில் மூன்று நாள் தொடர்ந்து பெய்திருந்தது. பூமியின் பல பத்தாண்டுக் கணக்கைத் தீர்த்துவைக்க அந்த மூன்று நாள் அவர்களுக்குப் போதுமாக இருந்தது. கருத்துச் சொல்ல ஒரு நிபுணர் வேறு. எதில் நிபுணர் என்று போடவில்லை. தோளில் சால்வை போட்டிருந்தார், அதற்குமேல் என்ன தகுதி வேண்டும்?

அண்ணனுக்கு இரண்டு ஏக்கர் மானாவாரி நிலம். சில வருஷங்களாக மழை அவரைப் படாத பாடு படுத்தியிருந்தது. வரவேண்டிய நேரத்தில் வராது. வந்தால் ஒரேயடியாகக் கொட்டிவிட்டுப் போய்விடும். அதனால் முதல் மழையை நம்பாமல், இரண்டாவது மழை மண்ணில் இறங்கிய பிறகே விதைப்பது என்று வைத்திருந்தார். அன்றைக்கு அங்கே முதல் மழைதான் பெய்திருந்தது.

"நெசமாலுமா அம்மிணி? மழ பழையபடிக்கு ஆயிருச்சா?"

"முதல் பக்கத்துலயே போட்டிருக்காங்கண்ணா."

நான் கொடுத்த சான்று அவ்வளவுதான். பஸ் வந்துவிட்டது.

அன்றே மக்காச்சோளம் விதைத்துவிட்டார். முளைத்தது. அதற்குப் பிறகு வானம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. விரல் உயரத்தில் பயிர் கருகியது. மறுபடி விதைக்க அவரிடம் விதையும் இல்லை. அண்ணன் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. எனக்குத்தான் கொதித்தது.

பத்திரிகைக்குக் கடிதம் எழுதினேன். 'உங்கள் முதல் பக்கச் செய்தியை ஆர்வத்துடன் படித்தேன்' என்று மரியாதைக்காகத் தொடங்கி, இரண்டு பக்கத்துக்கு அவர்களைக் கிழித்திருந்தேன். வாசகர் கடிதம் பகுதியில் முதல் வரியை மட்டும் போட்டார்கள். மிச்சத்துக்கு இடம் இல்லையாம். என் பெயரோடு நானே அவர்களைப் பாராட்டியதாக ஆயிற்று.

விடுவேனா? ஒரு நாள் லீவு போட்டுவிட்டு அலுவலகத்துக்கே போனேன். ஓர் உதவி ஆசிரியர் உட்காரச் சொல்லி, காப்பியும் வரவழைத்தார். கன்னடத்தில்தான் சண்டை போட்டேன். "மூன்று நாள் மழையை வைத்து இப்படி எழுதலாமா? இதை நம்பி விதைத்தவர்களுக்கு என்ன பதில்?" என்று கேட்டேன்.

"தலைப்பு கொஞ்சம் காரமாக இருந்தால்தான் மேடம், ஜனங்கள் படிப்பார்கள்" என்றார். பிறகு பழைய இதழைத் தேடி எடுத்து, ஐந்தாம் பக்கத்தை விரித்து என் முன்னால் வைத்தார். அதே செய்தியின் தொடர்ச்சி. கடைசிப் பத்தியில் இருந்தது: மழை சீராகத் தொடரும் என்று வானிலைத் துறை சொல்லவில்லை, விவசாயிகள் அவசரப்பட்டு விதைக்க வேண்டாம்.

"நாங்கள் போட்டிருக்கிறோமே. நீங்கள் முழுசாகப் படிக்கவில்லையா?"

காப்பியைக் கீழே வைத்தேன். உண்மையை ஐந்தாம் பக்கத்தில் ஒளித்துவைத்துவிட்டு, அதற்கு நேர் எதிரானதை முதல் பக்கத்தில் கூவியது அவர்கள் குற்றம்தான். திருத்தம் போடாமல் எழுந்திருக்க மாட்டேன் என்று பிடிவாதமாக உட்கார்ந்தேன். போட்டார்கள். ஒன்பதாம் பக்கத்தில், காணாமல் போன மதிப்பெண் பட்டியல் விளம்பரத்துக்குக் கீழே, என் சுண்டுவிரல் நகம் அளவுக்கு.

ஆனால் அன்று வீடு திரும்பும் வழியெல்லாம் உதவி ஆசிரியரின் கேள்விதான் கூடவே வந்தது. அண்ணன் பத்திரிகையை நம்பவில்லை. அவரால் அதைப் படிக்கவே முடியாது. அவர் நம்பியது என்னை.

மறுநாள் காலை ஏழு மணிக்குத் தலைப்புச் செய்திக்கு முன்னால் என் திருத்தத்தைச் சொன்னேன். ஐந்தாம் பக்கத்தில் என்ன இருந்தது, நான் ஏன் படிக்கவில்லை, எல்லாவற்றையும். சொல்லும்போது அழுதுவிட்டேன். பஸ் நிறுத்தத்தில் நின்றவர்கள் பார்த்தார்கள், பார்க்கட்டும்.



"செரி உடு அம்மிணி" என்றார் அண்ணன். "இன்னைக்கு மழையப் பத்தி ஏதாச்சும் போட்டிருக்கானா?"

போட்டிருந்தான். முதல் பக்கத்தில் பாதி, மீதி ஏழாம் பக்கத்தில். முனையில் பஸ் திரும்புவது தெரிந்தது.

"பஸ்ஸு வந்துருச்சாட்ட இருக்குதே" என்றார். ஹாரன் அவருக்கும் கேட்டிருக்கிறது.

"அது போகட்டும்ணா" என்று சொல்லிவிட்டு ஏழாம் பக்கத்தைப் புரட்டினேன்.