ஆடியில் எடுத்த வண்டி

மோட்டார் சைக்கிள் பார்ப்பதைவிட மாப்பிள்ளை பார்ப்பது சுலபம். மாப்பிள்ளைக்குப் பொருத்தம் சொல்ல ஒரு ஜோசியர் போதும். வண்டிக்குப் பொருத்தம் சொல்ல எங்கள் கடைத்தெருவான ஆரியசாலை முழுக்க ஜோசியர்கள் இருக்கிறார்கள்.

நான் அரசு நர்ஸ். வருஷக்கணக்காக நகரத்து ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தவளை மலையடிவாரத்தில் ஒரு சுகாதார நிலையத்துக்கு மாற்றிவிட்டார்கள். நகரத்து நடுவே தம்பானூரில் முதல் பஸ்ஸைப் பிடித்து, நடுவழியில் இறங்கி, இன்னொரு பஸ்ஸுக்குக் காத்திருக்க வேண்டும். அந்த இரண்டாவது பஸ் வந்தால் வந்தது, வராவிட்டால் இல்லை. நான் போய்ச் சேரும்போது ஊசி போட வந்தவர்கள் வரிசையில் நின்று என்னைத் திட்டி முடித்திருப்பார்கள். டாக்டர் நல்ல மனிதர்தான். ஆனால் நல்ல மனிதருக்கும் பொறுமைக்கு ஓர் அளவு உண்டே. இங்கேயே குவார்ட்டர்ஸில் தங்குங்கள், இல்லையென்றால் நீண்ட லீவுக்கு எழுதிக் கொடுங்கள், இந்த மாதம் மட்டும் பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டார்.

குவார்ட்டர்ஸில் தங்கினால் நாலாம் வகுப்பு படிக்கிற மகளை யார் பார்ப்பது? வீட்டில் எல்லாரிடமும் ஒரே பதில்தான் இருந்தது. வேலையை விடு. "கடையில கணக்கு பாக்க ஒரு ஆளு வேணும்லா, வீட்டு ஆளாவே இருந்தா நல்லதுதானே" என்று மாமியார் அன்றைக்கே ஆரம்பித்துவிட்டார். படித்து, பரீட்சை எழுதி, காத்துக் கிடந்து வாங்கின வேலை அது. அதை எப்படி விடுவது?

எனக்கு முன்பு அங்கே வேலை பார்த்த சிஸ்டர்தான் வழி சொன்னாள். மோட்டார் சைக்கிள் வாங்கு, ஸ்கூட்டர் அந்த ரோட்டுக்கு ஆகாது, மழை பெய்தால் குழி எது ரோடு எது என்று தெரியாது, பெரிய சக்கரம் வேண்டும் என்றாள். கல்யாணத்துக்கு முன்பே அண்ணன் வண்டியில் பழகி, மைதானத்தில் எட்டு போட்டு, கியர் வண்டிக்கு லைசென்ஸ் எடுத்து வைத்திருந்தேன். எங்கள் வீட்டில் வண்டி ஓட்டத் தெரியாதவர் என் கணவர்தான். அவருக்கு மல்லி, மிளகாய், புளி மொத்த வியாபாரம். ஆரியசாலையில் கடை, பின்சந்தில் குடோன், அதற்குப் பின்னால் வீடு. இந்தத் தூரத்துக்குச் சைக்கிளே அதிகம் என்பார்.

சரி, வாங்குவது என்று ஆயிற்று. எங்கே வாங்குவது, எப்போது வாங்குவது? அங்கேதான் என் தலை சுற்ற ஆரம்பித்தது.

அது ஆடி மாதம். மலையாளிகளுக்குக் கர்க்கடகம். எங்கள் வீட்டுச் சுவரில் தமிழ்க் காலண்டர் ஒன்றும் மலையாளக் காலண்டர் ஒன்றும் தொங்கும். மற்ற மாதங்களில் எது நமக்குச் சாதகமோ அதைப் பார்த்துக்கொள்வோம். இந்த மாதத்தில் மட்டும் இரண்டும் கூட்டுச் சேர்ந்துகொண்டு எதையும் வாங்காதே என்கின்றன. பழைய ஆஸ்பத்திரியின் மலையாளத் தோழிகள், சிங்க மாதம், அதாவது நம் ஆவணி, பிறக்கட்டும், ஓணம் ஆஃபர் வரும் என்றார்கள். நாகர்கோவிலில் இருக்கும் என் கணவரின் சித்தப்பா போனில், "ஆடித் தள்ளுபடி போட்டிருக்கான், ஷோரூம் நம்ம ஆளுக்கதுதான், இங்க வாங்க" என்றார். எதிர்க்கடைக்காரர் பெரிய இன்ஜின் வாங்கச் சொன்னார். அவர் மைத்துனர் சின்ன இன்ஜின்தான் நல்லது என்றார். ஏ.பி.எஸ். பிரேக் அவசியமா என்று நாலு பேரிடம் கேட்டேன், ஐந்து பதில் கிடைத்தது. ஆளாளுக்கு ஒரு நாட்டாமை. ஓட்டப் போகிற எனக்குத்தான் ஒரு மண்ணும் புரியவில்லை.

கடைசியில் மாமியார் ஒரு வழி கண்டுபிடித்தார். "ஆடியில அட்வான்ஸ் குடுத்தா தள்ளுபடியும் ஆச்சு, ஆவணியில வண்டி எடுத்தா நல்ல மாசமும் ஆச்சு." எங்கள் ஆட்களுக்கு மட்டுமே தோன்றக்கூடிய ஞானம் இது. ஆவணி பிறக்கும்வரை டாக்டருக்கு யார் பதில் சொல்வது என்று நான் கேட்டேன். அவர் காதில் அது விழவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நானும் கணவரும் ரயிலேறி நாகர்கோவில் போனோம். ஷோரூமில் திருவிழாக் கூட்டம். சித்தப்பா வாசலிலேயே நின்று, "வாடே மக்கா" என்று கணவரின் தோளில் கைபோட்டு உள்ளே கூட்டிப் போனார். விற்பனைக்காரப் பையன், "சார், ஏறி உக்காருங்க சார்" என்றான். என் கணவர் ஏறி உட்கார்ந்தார். முட்ட வருகிற மாட்டின் கொம்பைப் பிடிப்பதுபோல ஹேண்டிலைப் பிடித்துக்கொண்டார். மைலேஜ், பிக்கப், சர்வீஸ் எல்லாம் அவரிடமே சொல்லப்பட்டது. அவரும் "ம், ம்" என்று தலையாட்டினார். நான் பக்கத்தில் பையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஏதோ தவறு நடக்கிறது என்று தெரிகிறது, என்ன என்றுதான் பிடிபடவில்லை.

"மேடம், நீங்க பின்னால உக்காந்து பாருங்க, சீட்டு சுகமா இருக்கான்னு" என்றான் பையன்.

நான் கணவரைப் பார்த்தேன். அவர் வண்டியின் கண்ணாடியைப் பார்த்தார்.

"என்ன பிள்ள முழிக்க?" என்றார் சித்தப்பா. "தெனமும் உன்னைய மலைக்குக் கொண்டு விட்டுட்டு வருவேன்னு சொல்லுதான். இந்தக் காலத்துல எவன் இப்படிச் செய்வான்? நீ குடுத்து வச்சவ. இங்க பதிய இந்த ஊரு வெலாசம் வேணும்லா, வண்டிய நம்ம வெலாசத்துல, எம் பேர்லயே பதிஞ்சுருவோம், என்ன?"

எனக்கு ஒரு நிமிஷம் நான்தான் எதையோ தப்பாகப் புரிந்துகொண்டு வந்திருக்கிறேனோ என்று ஆகிவிட்டது. ஓட்டப்போவது நான். ஓட்டுவதாகச் சொன்னது அவர். பதியப்போவது சித்தப்பா பேரில். அப்படியானால் இது யாருடைய வண்டி?

"நான் கொஞ்சம் முன்னால உக்காந்து பாக்கட்டுமா?" என்றேன்.

"போட்டோவுக்கா மேடம்? உக்காருங்க, நான் எடுத்துத் தாரேன்" என்றான் அந்தப் பையன்.

ஏறினேன். நான் குள்ளம். இரண்டு காலும் அந்தரத்தில் தொங்கின. சித்தப்பா சிரித்தார், பையன் சிரித்தான், என் கணவரும் கொஞ்சம் சிரித்தார். யோசித்துச் சொல்கிறோம் என்று சொல்லிவிட்டு நான் முதலில் வெளியே வந்தேன்.

திரும்பும் ரயிலில் கேட்டேன். "ஏங்க அப்படிச் சொன்னீங்க?"

"சித்தப்பா கேட்டாரு. வாயில வந்துட்டு."

"நாளைக்கு ஓட்டிக் காட்டுன்னு சொன்னா?"

"அப்பப் பாத்துக்கலாம்னு விட்டுட்டேன்." ஜன்னலோரம் தள்ளி உட்கார்ந்தார். பிறகு, "பின்னெ என்ன சொல்லணும்? பெண்டாட்டி ஓட்டுவா, நான் வீட்ல இருப்பேன்னா? கடைத்தெருவுல தலகாட்ட முடியுமா?" என்றார்.

குழித்துறை போனது, பாறசாலை போனது. கோபமா, அழுகையா என்று எனக்கே தெரியவில்லை. ஒருவேளை எல்லாரும் சொல்வதுதான் சரியோ, பேசாமல் கடையில் உட்கார்ந்து கணக்குப் பார்த்துவிடலாமோ என்றுகூட நினைத்துவிட்டேன். தம்பானூர் ஸ்டேஷனில் இறங்கியபோது மழை கொட்டிக்கொண்டிருந்தது.

மறுநாளும் இரண்டாவது பஸ் நேரத்துக்கு வரவில்லை. டாக்டர் கடிகாரத்தைப் பார்த்தார். சாயங்காலம் ஊருக்குள் வந்து இறங்கியவள் வீட்டுக்குப் போகவில்லை. யாரிடமும் சொல்லாமல், பஸ்ஸில் போகும்போது தினமும் கண்ணில் பட்ட ஒரு ஷோரூமுக்குள் நனைந்த குடையோடு நுழைந்தேன். கர்க்கடகத்தில் அங்கே ஈ, காக்கை இல்லை. மேஜைக்குப் பின்னால் ஒரு பெண் மட்டும் போனை நோண்டிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்து வந்தாள்.

"சேச்சிக்காணோ வண்டி?" என்று கேட்டாள்.

அக்காவுக்கா வண்டி, அவ்வளவுதான் கேட்டாள். இத்தனை பேர் இத்தனை யோசனை சொன்னார்கள், ஒருத்தர்கூட இதைக் கேட்கவில்லையே!

வேறு ஆளே வராததால் அவளுக்கும் அவசரமில்லை. இருந்த வண்டி ஒவ்வொன்றிலும் ஏறச் சொன்னாள். சீட்டு தாழ்வான ஒன்றைப் பின்பக்கத்து முற்றத்துக்கு உருட்டிக்கொண்டு வந்தாள். அதில் உட்கார்ந்ததும் என் செருப்பு இரண்டும் தரையில் பதிந்தன. கிளப்பி ஒரு எட்டு போட்டேன், கை மறக்கவில்லை. அங்கேயே முடிவு செய்துவிட்டேன். கால் எட்டியதால் அந்த வண்டியை வாங்கினேனா, அவள் கேட்ட கேள்விக்காக வாங்கினேனா என்பது இன்றைக்கும் எனக்குக் குழப்பம்தான்.

வீட்டில் சொன்னேன். மாமியார் இரண்டு காலண்டரையும் மாறி மாறிப் பார்த்தார். "உன் இஷ்டம். ஆனா ஆடி முடியாம அத எம் வாசல்ல கொண்டு நிறுத்தப்பிடாது, கேட்டியா?" அதனால் ஆவணி பிறக்கும்வரை வண்டி மிளகாய் மூட்டைகளோடு குடோனில் நிற்கும் என்று தீர்மானமானது. கணவர் அன்றைய கணக்கைக் கூட்ட உட்கார்ந்துவிட்டார். அவர் பேசாதிருந்தால் சம்மதமா, கோபமா என்று இத்தனை வருஷமாகியும் எனக்குப் பிடிபட்டதில்லை.

வெள்ளிக்கிழமை ஹெல்மெட் வாங்க என்னோடு வந்தார். தம்பானூருக்குப் பக்கத்துச் சந்தில் ஒரு கடை. கூரையிலிருந்து வாழைத்தார் தொங்குவதுபோல ஹெல்மெட்டுகள். முழு முகம் மூடுகிறதா, பாதி மூடுகிறதா, அதில் எந்த முத்திரை அசல் என்று மறுபடியும் ஒரு குழப்பம். பெண்களுக்கான ஜாக்கெட் இல்லை. ஆண்களுக்கான சின்ன அளவைப் போட்டேன், கைவிரல் காணாமல் போனது. கையுறை போட்டதும் பையைத் திறக்க முடியவில்லை. எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. எண்ணெய் தேய்த்துக் குளித்த நாள், ஈரத்தலையை உச்சியில் முடிந்துகொண்டு போயிருந்தேன். அந்தக் கொண்டையோடு சேர்த்து அளவு பார்த்து ஒரு ஹெல்மெட் வாங்கினேன். மறுநாள் பின்னல் போட்டுக்கொண்டு மாட்டினால், நான் வலப்பக்கம் திரும்பினேன், ஹெல்மெட் திரும்பவில்லை. திரும்ப ஓடிப்போய் மாற்றிக்கொண்டு வந்தேன்.

அந்த வெள்ளிக்கிழமையே ஹெல்மெட் கடைக்காரர் சொல்லியிருந்தார், "பின்னால இருக்கறவங்களுக்கும் ஹெல்மெட் வேணும், கேட்டோ. இல்லேன்னா போலீஸ் பிடிக்கும். சாருக்கும் ஒண்ணு எடுக்கட்டா?"

"பின்னால யாரும் ஏறப்போறதில்ல" என்றார் என் கணவர்.

அது எனக்குச் சுருக்கென்று தைத்தது. அவர் ஏற மாட்டார். நான் ஓட்டுகிற வண்டியில், ஆரியசாலை பார்க்க, அவர் ஏற மாட்டார். வண்டி பார்க்க நாகர்கோவில் வருவார், ஹெல்மெட் வாங்க வருவார், பின்னால் மட்டும் உட்கார மாட்டார். ஹெல்மெட்டுக்கும் அந்தப் பெரிய ஜாக்கெட்டுக்கும் ரசீது வாங்கிக்கொண்டு வெளியே வந்தேன்.

வண்டி எடுக்கிற நாளில் ஷோரூமுக்கும் நான் தனியாகத்தான் போனேன். பழவங்காடிக் கோவிலில் நிற்கிறேன், பிள்ளையாருக்கு ஒரு தேங்காய் உடைத்துவிட்டு நீ குடோனுக்குப் போ, நான் நடந்து வந்துவிடுகிறேன் என்று கணவர் சொல்லியிருந்தார். ஷோரூம் பெண் சாவியைக் கொடுத்து, வாசல்வரை கூடவே வந்து கையசைத்தாள். நகரத்து நெரிசலில் பஸ்ஸுக்கும் ஆட்டோவுக்கும் நடுவே பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டினேன். ஆனால் உள்ளுக்குள் ஒரு சந்தோஷம், சொல்லி மாளாது.

பழவங்காடியில் சாதாரண நாளில் மாலை போட்ட புது வண்டிகள் நிற்கும். கர்க்கடகமானதால் என்னுடைய ஒன்றுதான். கணவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, ஒரு கையில் தேங்காயும் மறு கையில் பெரிய பிளாஸ்டிக் பையுமாக நின்றார். தேங்காயை என் கையில் கொடுத்தார். வாங்கி எறிந்தேன், முதல் வீச்சிலேயே சிதறியது.

"அப்ப நான் போறேன். நீங்க நடந்து வாங்க" என்று வண்டியில் ஏறினேன்.

"இந்த வெயில்ல எங்க நடக்க?" என்றார். அன்று வெயிலே இல்லை, வானம் மூடிக் கிடந்தது. அவர் பைக்குள் கைவிட்டு ஒரு கறுப்பு ஹெல்மெட்டை எடுத்தார். கண்ணாடியில் ஒட்டியிருந்த பிளாஸ்டிக்கைக்கூட உரிக்கவில்லை. விலைச்சீட்டு காதோரம் தொங்கியது. என்னிடம் சொல்லாமல் அதே தம்பானூர்க் கடைக்கு அவர் தனியாகப் போயிருக்கிறார். அதை மாட்டிக்கொண்டு, வார் எப்படிப் போடுவது என்று தெரியாமல் தடுமாறினார். நான் இறங்கி அவர் தாடைக்குக் கீழே மாட்டிவிட்டேன்.

வேட்டியோடு எப்படி உட்காருவது என்று கொஞ்சம் திணறிவிட்டு, இரண்டு பக்கமும் கால்போட்டு ஏறினார். முதலில் பின்கம்பியைப் பிடித்திருந்தார். முதல் குலுக்கலில் கை என் தோளுக்கு வந்துவிட்டது.

ஆரியசாலைச் சந்தில் லோடு இறக்குகிறவர்கள், தராசுக்காரர்கள், கணக்கர்கள், எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். எனக்குக் காதெல்லாம் சூடாகிவிட்டது. எதிர்க்கடைக்காரர் வாசலுக்கே வந்துவிட்டார்.

"என்ன அண்ணாச்சி, ஆடியிலயே வண்டி எடுத்தாச்சா? ஓட்டம் எப்படி?"

ஹெல்மெட்டுக்குள்ளிருந்து என் கணவரின் குரல் கொஞ்சம் கம்மலாக வந்தது. ஆனாலும் சந்து முழுக்கக் கேட்டது. "அவகிட்ட கேளும். வண்டி அவளுக்கதாக்கும்."

நான் கிளட்சை விட்டுவிட்டேன். வண்டி ஒரு குலுங்கு குலுங்கி, சந்தின் நடுவே அணைந்து நின்றது.

"ஸ்டார்ட் பண்ணு பிள்ள" என்றார் பின்னாலிருந்து. "லோடு வண்டி நிக்குது."