இரட்டை முடிச்சுக் கீரைக்கட்டு

நான் விஷக் கீரை விற்றவள். தெரிந்தே விற்றேன். வாய்ச்சண்டை, கோள், பொய் எல்லாவற்றையும் பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடம் சொல்லியிருக்கிறேன். இதை மட்டும் இத்தனை வருடமாக விழுங்கிவிட்டு வருகிறேன். உங்களிடம் சொல்கிறேன்... நீங்கள் மன்னிக்க வேண்டியதில்லை.

எங்கள் ஊர் திண்டுக்கல்லுக்குப் பக்கத்தில். தொண்ணூறுகளில் எங்கள் காட்டை ஒட்டிய ஓடையில் டவுன் தோல்ஷாப்பின் கழிவுநீர் இறங்கியது. பதப்படுத்திய தோல் வெளிநாட்டுக்குப் போனது. கழுவிய தண்ணீர் எங்களுக்கு வந்தது! கிணறு டீ நிறமாகி உப்புக் கரித்தது. தென்னைகள் பட்டுப்போயின. பாட்டிலில் கிணற்றுத் தண்ணீரை மொண்டுகொண்டு முதலாளியிடம் போனேன். அவர் அதைத் தொடக்கூட இல்லை.

"கிணறு போனா என்னம்மா? வீட்டு ஆம்பளைய அனுப்பு, வேலை தாரேன்."

என் தம்பி அந்தோணி போனான்... வேறு வழி? சுண்ணாம்புத் தொட்டியில் இறங்கித் தோல் புரட்டினான். அந்த முதலாளி வீட்டுச் சோற்றில் என் கிணறு கலக்க வேண்டும் என்று நினைத்தேன். ஆம், அப்படியேதான் நினைத்தேன்!

டவுன் பஸ்ஸில் கூடையோடு போய் வீடு வீடாகக் கீரை விற்பவள் நான். மற்ற வீடுகளுக்கு, பக்கத்துக்காரரின் நல்ல போர்வெல் தண்ணீரில் வளர்ந்த மேட்டுக்காட்டுக் கீரை. முதலாளி வீட்டுக்கு மட்டும் ஓடையோரப் பாத்தி. அந்தத் தண்ணீரிலும் தண்டுக்கீரை தளதளவென்று வந்தது. கட்டுகள் மாறிவிடக் கூடாதே... அந்தப் பாத்திக் கட்டுகளுக்கு மட்டும் வாழைநாரில் இரட்டை முடிச்சுப் போட்டேன். மற்ற வீட்டுப் பிள்ளைகள் மேல் எனக்கு எவ்வளவு அக்கறை, பார்த்தீர்களா!

முதலாளியின் மனைவி தினமும் இருபது கட்டு வாங்கினார். பெரிய குடும்பம் போலிருக்கிறது என்று மகிழ்ந்தேன். தின்னுங்கள், நன்றாகத் தின்னுங்கள் என்று பஸ் ஜன்னலோரம் உட்கார்ந்து சிரித்திருக்கிறேன். இரண்டு வருடம்!

ஒரு ஞாயிறு, பூசை முடிந்து அந்தோணி என் வீட்டுக்குச் சாப்பிட வந்தான். நான் கட்டிக்கொண்டிருந்த கீரையையே பார்த்தான்.

"யக்கா, இந்த ரெட்டை முடிச்சு உன்னோடதா? ஷாப்புல எங்களுக்கு மத்தியானம் சமைக்க மொதலாளி வீட்டுலருந்துதான் காய்கறி, வெஞ்சனச் சாமான் வரும். தெனமும் கீரை. இதே முடிச்சு! வேலை பாக்குற அம்புட்டுப் பேரும் நம்ம பக்கத்து ஊர்க்காரங்கதான். அதத் தின்னா ஊர்ல இருந்தாப்ல இருக்குக்கா."

"மொதலாளி வீட்டுல?"

"அவுக கீரையே தொடமாட்டாகளாம்."

என் கையில் நார் இருந்தது.

அன்றே அந்தப் பாத்தியை அழித்தேன். மறுவருடம் அந்தோணிக்கு வயிற்றில் புண். தொட்டி வேலைதான் காரணமாக இருக்கும் என்றார் டாக்டர். நான் அவசரமாகத் தலையாட்டினேன்! அதோடு விட்டேனா? அவனைக் கைத்தாங்கலாகக் கலெக்டர் ஆபீசுக்குக் கூட்டிப்போய், முதலாளி என் தம்பியைக் கொல்கிறான் என்று மனுக் கொடுத்தேன். பொய் என்று சொல்லமாட்டேன். அந்த ஆளை இன்றும் மன்னிக்கவில்லை. ஆனால் என் கீரையைப் பற்றி அந்த மனுவில் ஒரு வரி இல்லை...

அந்தோணி இப்போது என் வீட்டில்தான் படுத்திருக்கிறான். மேட்டுக்காட்டுக் கீரையைக் கடைந்து போடுகிறேன். நேற்றும் தட்டைத் தள்ளிவிட்டான்.

"முந்தி ஷாப்புல தின்ன ஒங்கீரையில ஒரு உப்பு ருசி இருக்கும்... அது இதுல இல்லக்கா."