ஹெட்போனில் சத்தம் பத்தவில்லை

ரேடியோ ரிப்பேர் கடைக்கு வருகிறவர்களில் சத்தமே வரவில்லை என்பவர்கள் குறைவு. வருகிற சத்தம் பத்தவில்லை என்பவர்கள்தான் அதிகம். ஹெட்போனைக் காதோடு அழுத்தி, மூச்சையும் பிடித்துக்கொண்டு செய்தி கேட்டுப் பழகியவர்களுக்கு இந்தக் கஷ்டத்தை நான் விளக்க வேண்டியதில்லை. ராமநாதபுரம் கடைத்தெருவில் என்னைப் பெற்ற அய்யா ரேடியோ கடை வைத்திருந்தார். உலகச் சண்டைக் காலத்தில் கப்பலில் ஒயர்லெஸ் பார்த்தவர். மதுரையில் பி.எஸ்ஸி. முடித்த நான், வேலையும் அமையாமல் வரனும் அமையாமல் வீட்டில் இருந்தேன். கடைக்குப் பின்னால்தான் வீடு. நடுவே ஒரு திரை. ஆட்கள் முன்னால் போய் நிற்கக் கூச்சம். திரைக்கு இந்தப் பக்கம் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருப்பேன்.

துட்டி வீட்டு ரேடியோ

சிக்கல் கிராமத்திலிருந்து, வெள்ளாமை செய்கிற ஒரு சம்சாரி வந்தார். தகப்பனார் இறந்து வருஷம் திரும்பும்வரை வீட்டில் ரேடியோ பாடக் கூடாது. அதனால் ஸ்பீக்கரை நிறுத்திவிட்டு ஹெட்போன் மாட்டித் தரச் சொல்லி வாங்கிப் போனார். அடுத்த சந்தைக்கே திரும்பி வந்து, கிணற்றுக்குள் பேசுகிற மாதிரிக் கேட்கிறது என்றார்.

ஹெட்போனைக் கையில் வாங்கியதும் அய்யா சிரித்துவிட்டார். காதில் வைக்கிற இரண்டு குமிழிலும் பழைய வேட்டித் துணியைத் திணித்து வைத்திருந்தார் மனிதர். தெருவில் போகிறவர்கள் காதில் பாட்டு விழுந்தால், அப்பன் செத்த வீட்டில் கூத்து நடக்கிறது என்று பேசுவார்களாம். சத்தத்தை அடைத்தது துணிதான் என்று அய்யா சொன்னதும் அவருக்குக் கோபம் வந்துவிட்டது.

“வெளிய போகக் கூடாதுன்னு துணி வச்சேன். உள்ள வரக் கூடாதுன்னா வச்சேன்?”

கீழக்கரைப் பெட்டி

கீழக்கரை மரைக்காயர் ஒருவருடைய தாயார் படுத்த படுக்கையாக இருந்தார். அவர் தூக்கம் கெடக் கூடாதென்று மகன் ஹெட்போனில் கேட்பார். சத்தம் குறைந்துவிட்டதென்று பெட்டியைக் கொண்டு வந்தார். கடற்கரை ஊர்ப் பெட்டிகளுக்கு எப்போதும் உள்ள வியாதிதான். உப்புக்காற்றில் ஹெட்போன் சொருகுகிற இடம் பச்சைக் களிம்பு பிடித்திருந்தது. அய்யா சுரண்டித் துடைத்து மாட்டினார். காதில் வைத்துப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார். வயரிங்கை மாற்றி, கடைசி வால்விலிருந்தே நேராகச் சத்தத்தை எடுத்தார். திரும்பக் காதில் வைத்துப் பார்த்தார். அரைமனதாகத்தான் கொடுத்தனுப்பினார்.

சில நாளில் மரைக்காயர் திரும்பி வந்தார். அவர் சொன்னதை அய்யா இரண்டு தடவை சொல்லச் சொன்னார்.

“அண்ணே, ஹெட்போனை மேசையில கழட்டி வச்சிருக்கேன், எங்க உம்மா அடுத்த ரூம்புல இருந்து அது யாருன்னு கேக்குறாக.”

செத்த சாமான்

அதன் பிறகு அய்யா எந்த ஹெட்போனை எடுத்தாலும் காதில் வைப்பார், உதட்டைப் பிதுக்குவார், காந்தம் செத்துப்போச்சு என்று மேசைக்கடியில் இருந்த பெட்டியில் போடுவார். சாயல்குடி வாத்தியார் ஒருவர் புதிதாக வாங்கி வந்த ஹெட்போனும் அந்தப் பெட்டிக்குத்தான் போனது.

ஒரு மத்தியானம் அய்யா கை கழுவப் போனபோது நான் திரையைத் தாண்டிக் கடைக்குள் போய், பெட்டியிலிருந்த ஹெட்போன்களை ஒவ்வொன்றாக மாட்டிப் பார்த்தேன். கொழும்பு ஸ்டேஷனில் செய்தி வாசிக்கிறவர் தாளைப் புரட்டுவதுகூடக் கேட்டது. ஒன்றுகூடப் பழுதில்லை. நிமிர்ந்தால், அய்யா கையில் ஈரத்தோடு நின்றுகொண்டிருந்தார். காதில் இருந்ததை நான் கழற்றவில்லை. வெகுநேரம் என் முகத்தையே பார்த்தார்.

“அது செத்த சாமான் தாயி. கீழ வையி.”

திரைக்கு அடியில் ஒரு வயர்

மறுநாள் காலையில், மேசையிலிருந்து திரைக்கு அடியில் ஒரு வயர் வந்து என் ஸ்டூலருகே கிடந்தது. அதன் முனையில் ஒரு ஹெட்போன். காது போனவரிடம் யார் ரேடியோ கொண்டு வருவார்கள்? அந்தக் கடையை விட்டால் எங்களுக்கு வேறு பிழைப்பு இல்லை. அய்யா தம் காதில் ஒன்றை வைத்துக்கொண்டு கேட்பதுபோல் இருப்பார். நான் உள்ளே கேட்பேன். சரியாக இருந்தால் திரையை லேசாக அசைப்பேன். அசையாவிட்டால் அய்யா மறுபடியும் ஸ்குரூ டிரைவரை எடுப்பார். அப்படியும் அலமாரியில் ரிப்பேருக்கு வந்த ரேடியோக்கள் குறைந்துகொண்டே வந்தன. டிரான்சிஸ்டர் வந்துவிட்டதல்லவா, அதனால்தான் என்று நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

வருஷம் திரும்பியதும் சிக்கல் சம்சாரி வந்தார். இனி ஸ்பீக்கரே பாடட்டும் என்றார். அய்யா மாற்றி மாட்டினார். பாட்டு கடைத்தெரு முழுக்கக் கேட்டது. பெட்டி பாட ஆரம்பித்த பிறகும் அய்யா திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் பதறி அசைத்தேன். சம்சாரி இதையெல்லாம் பார்த்துவிட்டார். பெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு திரையருகே வந்து நின்றார். நான் எழுந்து நின்றேன். யாரிடமும் சொல்லிவிடாதீர்கள் என்று கேட்க வாய் வரவில்லை. கேட்காமலே பதில் சொன்னார். அய்யா இரண்டடி தள்ளித்தான் நின்றார் என்றாலும் சம்சாரி குரலைத் தாழ்த்தவில்லை.

“நான் ஒருத்தர்ட்டயும் சொல்ல மாட்டேன் தாயி. சொல்றதுக்கு எங்க ஊர்ல தெரியாத ஆளும் இல்ல.”

சத்தம் குறைந்ததற்கு ஊருக்கெல்லாம் காரணம் சொன்ன எங்கள் கடையில், ஊரே பேசிக்கொண்டிருந்த ஒன்று மட்டும் காது போன அய்யாவுக்கும் கேட்கவில்லை, காதுள்ள எனக்கும் கேட்கவில்லை.