ஷிஃப்ட் பார்த்து நின்றுபோன இன்டர்நெட்

எங்கள் வீட்டில் அம்மாவும் அப்பாவும் ஒரே ஒரு விஷயத்துக்குத்தான் சண்டை போட்டார்கள். ஒரு பொருள் ரிப்பேர் ஆகிவிட்டால் அதை எப்படிச் சரிசெய்வது என்பதுதான் அது. அப்பா ஒரகடத்தில், கார் உதிரிபாகம் செய்யும் கம்பெனியில் மெயின்டனன்ஸ் பிரிவில் இருந்தார். அம்மாவுக்கு ஸ்ரீபெரும்புதூர் பக்கத்து எலக்ட்ரானிக்ஸ் கம்பெனி ஒன்றில் குவாலிட்டி செக்கிங். நின்றுபோன மெஷினை எப்படியாவது ஓடவைத்துவிட வேண்டும் என்பது அப்பாவின் வேலை. ஏன் நின்றது என்று தெரிகிற வரைக்கும் எவனும் கை வைக்கக் கூடாது என்பது அம்மாவின் வேலை. இருவருக்கும் நடுவில் எங்கள் மிக்ஸியும் தண்ணீர் மோட்டாரும் பட்ட பாடு கொஞ்சநஞ்சம் இல்லை.

பிள்ளைப்பாக்கத்தில் எங்களுக்கு மாடி வீடு. கீழே நாங்கள். மேலே இரண்டு அறைகளை வாடகைக்கு விட்டிருந்தோம். எனக்குப் பதினொரு வயதானபோது, கம்பெனியில் கழித்துப்போட்ட கம்ப்யூட்டர் ஒன்றை அப்பா வீட்டுக்குக் கொண்டுவந்தார். அதைத் தொடர்ந்து டெலிபோன் ஒயர் வழியாக இன்டர்நெட்டும் வந்தது. மோடம் என்ற கறுப்புப் பெட்டியில் நான்கு பச்சை விளக்குகள் இருந்தன. மூன்றாவது விளக்கு எரிந்தால் இன்டர்நெட் இருக்கிறது, அணைந்தால் இல்லை. வந்த நாள் முதல் அந்த மூன்றாவது விளக்கு தன் இஷ்டத்துக்குத்தான் எரிந்தது. எனக்கு அதில் பெரிய வருத்தம் ஒன்றும் கிடையாது. கேம் பாதியில் நின்றால் தெருவில் விளையாடப் போய்விடுவேன்.

வருத்தப்பட வேண்டிய நாள் ஏப்ரல் கடைசியில் வந்தது. அம்மா கம்பெனியின் உற்பத்தி லைனில் நின்று வேலை பார்க்க ஆரம்பித்துப் பதினோரு வருடம் ஆகியிருந்தது. லைன் லீடர் ஆவதற்கு ஒரு தேர்வு வைத்தார்கள். கம்பெனி வெப்சைட்டில், ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு, வீட்டிலிருந்தே எழுதலாம். லைன் லீடர் ஆகிவிட்டால் ஜெனரல் ஷிஃப்ட்தான், தினமும் மாலை ஆறரைக்கெல்லாம் அம்மா வீட்டில் இருப்பாள். இரண்டாம் ஷிஃப்ட் வாரங்களில் நான் அம்மாவின் முகத்தைப் பார்ப்பதே அபூர்வம். அவள் வரும்போது நான் தூங்கியிருப்பேன், நான் ஸ்கூலுக்குக் கிளம்பும்போது அவள் தூங்கிக்கொண்டிருப்பாள். ஆகவே அந்தத் தேர்வில் அம்மா பாஸாக வேண்டும் என்று அவளைவிட எனக்குத்தான் வெறி.

அம்மா தலை குளித்து, சாமி கும்பிட்டு, கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தாள். ஏழாவது கேள்விக்கு விடையை அழுத்தியதும் திரையில் ஒரு வட்டம் சுற்ற ஆரம்பித்தது. அது சுற்றிக்கொண்டே இருந்தது. மூன்றாவது விளக்கு அணைந்து கிடந்தது. அம்மா நாற்காலியை விட்டு எழவே இல்லை. ஒரு மணி வாக்கில் விளக்கு தானாக எரிந்தபோது தேர்வு முடிந்துபோயிருந்தது.

கம்பெனியில் கெஞ்சிக் கேட்டதில் இன்னொரு வாய்ப்பு கொடுத்தார்கள். ஐந்து வாரம் கழித்து, அதே ஞாயிறு காலை பத்து மணி, இதுதான் கடைசி. ஊரில் இருந்த ஒரே பிரவுசிங் சென்டர் ஞாயிற்றுக்கிழமை பதினோரு மணிக்குத்தான் திறக்கும். எங்கள் மூன்றாவது விளக்கை விட்டால் அம்மாவுக்கு வேறு வழி இல்லை.

அன்று சாயங்காலமே அப்பா களத்தில் இறங்கிவிட்டார். மோடத்தைக் கழற்றி, பெயின்ட் பிரஷ்ஷால் தூசி தட்டி, கம்பெனியிலிருந்து கொண்டுவந்த ஸ்பிரேயை அடித்து, சைக்கிள் பம்ப்பால் காற்றும் ஊதினார். விளக்கு எரிந்தது. அப்பா மீசையைத் தடவிக்கொண்டார். மறுநாள் காலையில் அணைந்தது. அப்பா வீட்டுக்குள் இருந்த ஒயரை மாற்றினார், எரிந்தது. அடுத்த நாள் அணைந்தது. டெலிபோன் ஆபீஸில் புகார் கொடுத்ததும் ஒரு லைன்மேன் மத்தியானம் இரண்டு மணிக்கு வந்தார். அவர் வந்த நேரம் பார்த்து விளக்கு ஜம்மென்று எரிந்துகொண்டிருந்தது. “நல்லாத்தானேம்மா கீது?” என்று கேட்டு, மோர் குடித்துவிட்டுப் போனார்.

கடைசியில் அப்பாவின் சந்தேகம் என் மீது திரும்பியது. “பொழுதன்னைக்கும் கேம் ஆடிக்கினு கீறா. இவதான் இன்னாத்தையோ அமுக்கி வச்சிட்டா.”

அதற்குள் அம்மா குறுக்கே வந்தாள். “யாருன்னு கேக்காதய்யா. ஏன்னு கேளு.”

அவள் கம்பெனியில் அதுதான் பழக்கமாம். ஒரு பீஸ் கெட்டுப்போனால் ஏன் என்று ஐந்து தடவை கேட்பார்கள். கிடைக்கும் பதிலையும் ஏன் என்று கேட்பார்கள். எந்தத் தடவையும் ஓர் ஆளின் பெயர் பதிலாக வரக் கூடாது. எனக்கு அந்தக் கம்பெனியை அப்போதே பிடித்துப்போயிற்று. நான் உடைத்த டம்ளர்களுக்கும் இதே முறையைக் கடைப்பிடிக்கலாமே என்று கேட்டுப் பார்த்தேன். அதற்கு அம்மா சம்மதிக்கவில்லை.

மறுநாள் அவள் ஒரு சிவப்பு அட்டையைக் கொண்டுவந்து மோடத்தின் நெற்றியில் ஒட்டினாள். கம்பெனியில் பழுதான பொருளுக்கு அதை ஒட்டிவிட்டால் காரணம் தெரிகிறவரை மேனேஜரே வந்தாலும் தொடக் கூடாது. அப்பா ஸ்க்ரூ டிரைவரோடு பக்கத்தில் வருவார், சிவப்பு அட்டையைப் பார்ப்பார், பெருமூச்சு விட்டுத் திரும்பிப் போவார். அவரும் கம்பெனிக்காரர்தானே.

எனக்குக் கோடை விடுமுறை. அம்மா காலண்டர் தாளின் பின்பக்கத்தில் கட்டம் போட்டு என் கையில் கொடுத்தாள். விளக்கு எப்போது அணைந்தது, எப்போது எரிந்தது, அந்த நேரத்தில் வேறு என்ன நடந்தது என்று நான் எழுத வேண்டும். அணைந்தால் கை வைக்கக் கூடாது, எழுத மட்டும்தான் வேண்டும். முதல் நாள் நான் எழுதியது: அணைந்தது ஏழரை. அப்பா தும்மினார். காக்கா கத்தியது. குக்கர் நான்கு விசில். எரிந்தது பத்தரை. யாரோ வேண்டிக்கொண்டார்கள். அம்மா கடைசி வரியை அடித்துவிட்டு, “பாத்தத எழுது. நெனச்சத எழுதாத” என்றாள். யாரோ வேண்டிக்கொண்டது நான்தான். நான் பார்க்காத விஷயம் அல்லவே என்று வாதாடியும் எடுபடவில்லை.

மூன்று வாரம் எழுதினேன். வாழ்க்கையில் நான் அத்தனை ஒழுங்காகச் செய்த வேலை வேறு எதுவும் கிடையாது. மூன்றாவது வெள்ளிக்கிழமை ராத்திரி அம்மா தாள்களைத் தரையில் பரப்பி, சோற்றுத் தட்டை மடியில் வைத்துக்கொண்டு பார்த்தாள். முதல் வாரம் முழுக்கக் காலை ஏழரைக்கு அணைந்திருந்தது. இரண்டாவது வாரம் காலையில் ஒன்றுமே இல்லை, எல்லாம் சாயங்காலம் நாலு மணி. மூன்றாவது வாரம் காலை ஒன்பது. எந்த வாரமாக இருந்தாலும் மூன்று மணி நேரம் கழித்துத் தானாக எரிந்திருந்தது.

அம்மாவின் கை சோற்றிலேயே நின்றுவிட்டது. “இது தானா நிக்கலய்யா. ஷிஃப்ட் பாத்து நிக்குது” என்றாள்.

“இன்டர்நெட்டுக்கும் ஷிஃப்ட் போட்டுட்டானுங்களா? ஓவர்டைம் உண்டாமா?” என்றார் அப்பா.

அம்மா மெல்லத் தலையை உயர்த்தி மேலே கூரையைப் பார்த்தாள். அப்பாவும் பார்த்தார். ஏன் பார்க்கிறோம் என்று தெரியாமல் நானும் பார்த்தேன்.

மேலே குடியிருந்தது தெற்கத்திப் பையன்கள் மூன்று பேர். மூவரும் அம்மாவின் கம்பெனியில்தான், ஆனால் கான்ட்ராக்ட்டில் இருந்தார்கள். மூவருக்கும் எப்போதும் ஒரே ஷிஃப்ட். அது வாரத்துக்கு ஒரு முறை மாறும். கல்யாணமாகாத பையன்கள் இருக்கிற மாடி என்பதால் நாங்கள் யாரும் மேலே போவதில்லை. மறுநாள் காலை ஒன்பது மணிக்கு அம்மா, அப்பா, நான் மூன்று பேரும் ஊர்வலமாக ஏறினோம். தெருக் கம்பத்திலிருந்து வரும் கறுப்பு ஒயர் மொட்டை மாடியைக் குறுக்கே கடந்து எங்கள் வீட்டுக்குள் இறங்குகிறது. அந்த ஒயரின் மேல் ஐந்து யூனிஃபார்ம் பேன்ட், மூன்று சட்டை, ஒரு கைலி, ஒரு போர்வை எல்லாம் சொட்டச் சொட்டக் காய்ந்துகொண்டிருந்தன. பாரம் தாங்காமல் ஒயர் தொட்டில் மாதிரி தொங்கியது. நடுவில் டேப் சுற்றிய ஓர் இணைப்பு வாயைப் பிளந்துகொண்டிருந்தது. துணி காயக் காய எடை குறையும், ஒயர் மேலே ஏறும், வாய் மூடும், இன்டர்நெட் வரும். ஷிஃப்ட் மாறினால் பையன்கள் துணி துவைக்கிற நேரமும் மாறும்.

மூவரில் ஒருவனான, ஊர்ப் பெயராலேயே நாங்கள் கூப்பிடும் சங்கரன்கோவில் அண்ணன் பல் விளக்கிக்கொண்டே வெளியே வந்தான். அம்மா விஷயத்தைச் சொன்னதும் பிரஷ் வாயிலேயே நின்றுவிட்டது. “போன் ஒயராக்கா? துணி காயப்போடத்தான் நீங்க கெட்டி விட்டுருக்கியன்னுல்லா நெனச்சோம்! நல்ல வீட்டுக்காரங்கன்னு ஊருக்குப் போன் போட்டுச் சொன்னம்க்கா.”

அப்பா விழுந்து விழுந்து சிரித்தார். ஆனால் அம்மா அதோடு விடுகிற ஆளா? காரணம் இதுதான் என்று அடித்துச் சொல்ல வேண்டுமானால் பழுதை மூன்று தடவை வரவழைத்துக் காட்ட வேண்டுமாம். பையன்கள் ஈரத் துணியை எல்லாம் எடுத்தார்கள். நான் கீழே ஓடிப்போய்ப் பார்த்து, “எரியுது!” என்று கத்தினேன். மறுபடி தொங்கவிட்டார்கள். “அணைஞ்சிருச்சு!” இப்படி மூன்று முறை. சொந்தத் துணியை மூன்று தடவை காயப்போட்டு மூன்று தடவை எடுத்த களைப்பில் மூன்று பேரும் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார்கள். அம்மா கீழே வந்து சிவப்பு அட்டையைத் தன் கையாலேயே கிழித்தாள். அப்பா அவர்களுக்கு நைலான் கயிறு கட்டிக் கொடுத்து, இணைப்புக்கும் புது டேப் சுற்றினார். புது ஒயர் போட லைன்மேன் ஒரு வாரம் தாண்டித் திங்கட்கிழமைதான் வருவதாகச் சொல்லியிருந்தார். தேர்வு அதற்கு முந்தின நாள்.

அந்த ஒரு வாரம் விளக்கு அணையவே இல்லை. ஞாயிறு காலை ஒன்பது ஐம்பதுக்குக் காற்று கிளம்பியது. பள்ளிக்கூடத்து வேப்பமரம் தலைவிரித்து ஆட, மூன்றாவது விளக்கு கண்ணடிக்கத் தொடங்கியது. அம்மாவின் முகத்தை நான் அப்போது பார்த்தேன். அவள் பயந்து அதற்கு முன்னால் நான் பார்த்ததில்லை. எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

அப்பா ஒரே தாவலில் மாடி ஏறினார். இணைப்பு நைந்து போயிருந்தது, விரலால் இறுக்கிப் பிடித்தால்தான் நிற்கும். ஆனால் காற்று ஒயரை இரண்டு பக்கமும் இழுத்தது. பையன்கள் மூவரும் நைட் ஷிஃப்ட் முடித்து ஏழு மணிக்கு வந்து, அப்போதுதான் கண் அயர்ந்திருந்தார்கள். சத்தம் கேட்டுக் கைலியோடு ஓடி வந்தார்கள். அப்பா ஸ்டூல் மேல் நின்று இணைப்பைப் பிடித்தார். சங்கரன்கோவில் அண்ணன் ஒரு பக்கம், அவர்களில் நெட்டையானவன் மறுபக்கம் ஒயரைத் தோளில் தாங்கிக்கொண்டார்கள். மூன்றாமவன் ஸ்டூலை ஆடாமல் பிடித்தான். கத்தினால் அம்மாவின் கவனம் சிதறும் என்று என் கையில் ஒரு பச்சைத் துண்டும் ஒரு சிவப்புத் துண்டும் கொடுத்தார் அப்பா. கம்பெனியில் லைனுக்கு மேலே, வேலை ஓடினால் பச்சையும் நின்றால் சிவப்புமாக எரிகிற விளக்கு இருக்குமே, அந்த வேலை எனக்கு. ஜன்னல் வழியாக மோடத்தைப் பார்ப்பேன், படிக்கட்டிலிருந்து மாடிக்குத் துண்டைக் காட்டுவேன்.

நாற்பது கேள்வி, நாற்பது நிமிடம். வெயில் ஏற ஏற நான்கு பேரும் அசையாமல் நின்றார்கள். இருபத்தாறாவது நிமிடத்தில் நெட்டையன் ஒரு தும்மல் போட்டான். விளக்கு போயிற்று. திரையில் அந்தப் பாழாய்ப்போன வட்டம் சுற்ற ஆரம்பித்தது. நான் சிவப்புத் துண்டை வீசின வீச்சில் அது பறந்தே போய்விட்டது. மேலே ஒரே கூச்சல், “தூக்குலே, தூக்கு!” அம்மா திரும்பவில்லை, கையை மவுஸிலிருந்து எடுக்கவும் இல்லை. நான் ஒன்று, இரண்டு என்று எண்ணினேன். பதினொன்றில் விளக்கு வந்தது, அடுத்த கேள்வியும் வந்தது.

தேர்ச்சி என்று பச்சை எழுத்தில் வந்ததும் அம்மா என்னைத் தூக்கிச் சுற்றினாள். பதினொரு வயதுப் பெண்ணைத் தூக்க முடியும் என்பது அவளுக்கே அன்றுதான் தெரிந்திருக்கும். அப்பா மாடியிலிருந்து இறங்காமலே விசில் அடித்தார். இணைப்பை நாற்பது நிமிடம் அழுத்தியதில் அவர் விரல் மடங்க மறுத்தது. அப்படியே கட்டை விரலைத் தூக்கிக்கொண்டு போய் ஆறு பிரியாணி வாங்கி வந்தார்.

மொட்டை மாடியில் நைலான் கயிற்றில் போர்வையைப் போட்டு நிழல் செய்து, எல்லோரும் வட்டமாக உட்கார்ந்து சாப்பிட்டோம். சங்கரன்கோவில் அண்ணன் தேர்வில் என்னென்ன கேட்டார்கள் என்று அம்மாவிடம் ஒவ்வொன்றாக விசாரித்தான். அம்மா கேள்வியைச் சொல்லி முடிப்பதற்குள் அவன் பதில் சொன்னான். ஒன்றுகூடத் தப்பவில்லை. எனக்கு ஒரே ஆச்சரியம்.

“அண்ணா, நீங்க எப்போ இந்தப் பரிச்ச எழுதுவீங்க?” என்று கேட்டேன்.

“நமக்குப் பரிச்சையெல்லாம் கெடயாது பாப்பா. நேரா மேனேஜர்தான்!”

மூன்று பேரும் வெடித்துச் சிரித்தார்கள். அப்பாவும் சிரித்தார், நானும் சேர்ந்து சிரித்தேன். அம்மா மட்டும் சிரிக்காமல், தன் பொட்டலத்திலிருந்த கறித் துண்டை எடுத்து அவன் இலையில் வைத்தாள். அந்தத் தேர்வை எழுத நிரந்தர வேலை வேண்டும் என்பதும், கான்ட்ராக்ட் ஆட்களுக்கு எத்தனை பதில் தெரிந்தாலும் வெப்சைட்டில் அந்தத் தேர்வுப் பக்கமே திறக்காது என்பதும் எனக்கு யாரும் சொல்லவில்லை. ஸ்கூல் திறந்ததும், எங்கள் மாடி அண்ணன் பரீட்சையே எழுதாமல் மேனேஜர் ஆகப்போகிறான் என்று வகுப்பு முழுக்கப் பீற்றிக்கொண்டேன்.

மழைக்காலத்தில் ஒருநாள் மூன்று பேரும் பெட்டி, பாய், பக்கெட் எல்லாவற்றையும் கட்டிக்கொண்டு கீழே இறங்கினார்கள். கான்ட்ராக்ட் முடிந்துவிட்டது என்றான் சங்கரன்கோவில் அண்ணன். முடிந்துவிட்டது என்றால் இனிமேல் மேனேஜர்தானே என்று கணக்குப் போட்டு, நான் சந்தோஷம் தாங்காமல் கைதட்டிக்கொண்டே அவர்களின் ஆட்டோ பின்னால் தெருமுனை வரைக்கும் ஓடினேன்.